பி-14இல் ஒரு அமெரிக்கர்

ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பதை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவான் அம்மையப்பன். வளைகுடாவில், ருவைஸ் ரிஃபைனரி கேம்ப் ஆபீசில் ஒன்பது வருடமாகக் கிளார்க். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியைத் தேடுகிறவன் மலையாளி, தீப்பெட்டியைத் தேடுகிறவன் எகிப்துக்காரன், கூட்டமாக நின்று சிரிக்கிறவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள், இறங்குவதா வேண்டாமா என்று படியிலேயே நிற்கிறவன் முதல் தடவையாக ஊரை விட்டு வந்திருக்கும் நம்ம ஆள். இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தான். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வான். தப்பிய நாட்களைப் பற்றி அவன் பேசுவதில்லை.

அந்த கேம்ப்பில் மூன்று பிளாக். ஏ பிளாக்கில் ஆளுக்கு ஒரு அறை, அறைக்குள்ளேயே குளியலறை, ஜன்னலுக்குத் திரைச்சீலை. பி பிளாக்கில் அறைக்கு நாலு பேர். சி பிளாக்கில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். மூன்றுக்கும் தனித்தனி மெஸ், தனித்தனி கார்டு. ஏ பச்சை, பி மஞ்சள், சி சாம்பல். சாம்பல் கார்டுக்காரன் பச்சை மெஸ் வாசலில் போய் நின்றால் செக்யூரிட்டி அரபியில் ‘மாஃபி, மாஃபி’, இல்லை இல்லை என்று கையை ஆட்டி விரட்டுவான். ஏ பிளாக் வெள்ளைக்காரர்களுக்கு என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யாராவது எழுதி ஒட்டுவார்களா?

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் ரிஃபைனரிக்கு ஷட்டவுன் வந்தது. இரண்டு மாதம் ஆலையை நிறுத்தி, குழாய்களைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி ஒட்டுவார்கள். ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வெல்டிங் இன்ஸ்பெக்டர்கள் பதினோரு பேரை அனுப்புவதாகக் கம்பெனியின் அமெரிக்கத் தலைமை ஆபீசிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. பெயர், வேலை, வரும் தேதி, அவ்வளவுதான். பாஸ்போர்ட் நகலெல்லாம் விசா ஆபீசைச் சுற்றிக்கொண்டு ஆடி அசைந்து வரும். அதுவரை ஆட்களை வெயிலில் நிறுத்த முடியுமா? அம்மையப்பன் எப்போதும் போலப் பெயரைப் பார்த்தே ரூம் போட்டான். கூப்பர், ஏ. ஹென்ட்ரிக்ஸ், ஏ. பத்துப் பெயர் வரைக்கும் பேனா நிற்கவேயில்லை. பதினோராவது பெயர் ரெய்னால்டோ கார்சா. ரெய்னால்டோ என்ற பெயரில் அந்த கேம்ப்பில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேருமே பிலிப்பைன்ஸ். பி-14இல் பிலிப்பைன்ஸ்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள், ஒரு கட்டில் காலி. அங்கே எழுதினான்.

வந்து இறங்கியவரைப் பார்த்தபோதே அம்மையப்பனுக்கு லேசாக நெருடியது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாநிறம், குள்ளம், அடர்ந்த மீசை. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அரியலூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று அவரிடமே நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவர் பி-14இன் நாலு கட்டில்களையும் பார்த்தார், மஞ்சள் கார்டைப் பார்த்தார்.

“எங்க குரூப்ல எல்லாருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“எல்லாருக்கும் சேம் சேம் சார்” என்றான் அம்மையப்பன். இந்தப் பொய்யை அவன் தினமும் பத்துப் பேரிடம் சொல்வான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். அம்மையப்பன் காதில் அது தமிழாகத்தான் விழும் என்பதால் நாமும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் பி-14இலிருந்து ஒருவன் ஆபீசுக்கு வந்தான். “பாஸ், அந்த ஆளுக்கு எங்க பாஷை ஒரு வார்த்தை தெரியல. நல்ல மனுஷன்தான். ஆனா எங்க நாட்டு ஆளே இல்ல.”

அம்மையப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிலிப்பைன்ஸ் இல்லையென்றால் கோவாக்காரரா? மங்களூரா? கேம்ப் வாசலில் கிராசரி கடை வைத்திருக்கும் சதக்கத்துல்லாவிடம் போய் நின்றான். சதக்கத்துல்லா கீழக்கரைக்காரர். கேம்ப்பில் யார் என்ன வாங்குகிறார்கள் என்பதை வைத்தே அவர்கள் வீட்டு நிலவரம்வரை சொல்லக்கூடியவர்.

“அந்த மீசைக்காரரா?” என்றார் சதக்கத்துல்லா. “நேத்து பச்ச மொளகா வாங்குனாருண்ணே. காசு கொடுத்துட்டு, இங்கனயே நின்னு ஒண்ண எடுத்துக் கடிச்சாரு. கண்ணுல தண்ணி வரல. இலங்கக்காரரா இருக்கும்.”

“சிங்களமா?”

“சிங்களமோ என்னமோ. மொளகாய வச்சு அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

ஒரு மனிதர் கண்ணெதிரே நடமாடுகிறார், எந்த நாடு என்று தெரியவில்லை. அம்மையப்பனுக்கு அது செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. நேராகக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் ஒன்பது வருடப் பெருமை என்னாவது?

ஆறாம் நாள் விசா ஆபீசிலிருந்து பாஸ்போர்ட் நகல்கள் வந்தன. பதினோரு நகல். பதினொன்றிலும் அமெரிக்கக் கழுகு. ரெய்னால்டோ கார்சா, பிறந்த இடம் டெக்சாஸ், அமெரிக்கா.

அம்மையப்பன் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன வருடம் இதே ஆபீசில் விஜயபாஸ்கர் என்ற கிளார்க், ஒரு ஸ்காட்லாந்துக்காரரைத் தெரியாமல் பி பிளாக்கில் ஒரே ஒரு நாள் தங்க வைத்துவிட்டான். நாலாம் நாள் அவனுக்கு விசா கேன்சல், கையில் ஒன்வே டிக்கெட். இங்கே ஆறு நாள் ஆகியிருக்கிறது. மகள் கனகா நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் நின்றால் மனைவி நாகவள்ளி முகத்தில் எப்படி விழிப்பது? ஏ-9 காலியாக இருந்தது. திரைச்சீலை மாட்டச் சொன்னான், படுக்கை விரிக்கச் சொன்னான், பச்சை கார்டு ஒன்றை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேம்ப் மேனேஜர் ஹோலிஸிடம் போனான். வாயெல்லாம் மன்னிப்பு.

ஹோலிஸ் அமெரிக்கர், கத்தும் வழக்கம் இல்லாதவர். அன்றும் கத்தவில்லை. பாஸ்போர்ட் நகல்களோடு வந்திருந்த இன்னொரு தாளை எடுத்து அவன் பக்கம் திருப்பினார். தலைமை ஆபீஸ் தயாரித்த பட்டியல். பதினோரு பெயர், எதிரே தங்குமிடம். பத்துப் பெயருக்கு ஏ. கார்சாவுக்கு பி.

“நீ சரியாத்தான் போட்டிருக்க. அவரோட பேக்கேஜ் வேற, சம்பளம், ரூம் எல்லாம். இதை ஃபைல்ல போடு” என்றார் ஹோலிஸ்.

வெளியே வந்த அம்மையப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. வராண்டாவில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். குடித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி முளைத்துவிட்டது. பத்து அமெரிக்கர்களுக்குப் பேக்கேஜ் ஒன்று, பதினோராவது அமெரிக்கருக்கு வேறு. ஏன்? வேலை ஒன்றுதான். சர்டிபிகேட்டும் ஒன்றுதான், நகலெல்லாம் அவனிடம்தானே இருந்தது. போதாததற்கு, கூப்பர் சந்தேகம் வந்தால் கார்சாவைத்தான் தேடி ஓடுவார் என்று சைட்டிலிருந்து வரும் நம்ம ஆட்கள் சொல்லியிருந்தார்கள். கூப்பருக்கு வயது முப்பத்தொன்று. தெரியாமல் தான் செய்த தப்பை, தெரிந்தே ஒருவர் அமெரிக்காவில் உட்கார்ந்து முன்கூட்டியே செய்திருக்கிறார். அது எப்படி?

வெள்ளிக்கிழமை மத்தியானம், கார்சா பி பிளாக் நிழலில் நாற்காலி போட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மையப்பன் போய் நின்றான். பெருமையாவது மண்ணாவது.

“சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க அமெரிக்கா. ஆனா அமெரிக்கா மாதிரி இல்லையே?”

கார்சா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “என் ஊர்லயும் அதையேதான் கேக்குறாங்க” என்றார்.

பிறகு சொன்னார். மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் அவர் ஊர். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் அந்த இடம் மெக்சிகோவில் இருந்தது. சண்டை முடிந்ததும் அமெரிக்கா ஆனது. குடும்பம் அதே நிலத்தில் அதே வீட்டில்தான் இருந்தது. “ஆனா இன்னைக்கும் என் தெருவுல என்னை நிறுத்தி, நீ எப்ப இங்க வந்தன்னு கேப்பாங்க.” பள்ளிக்கூடத்தில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, அதுவும் பின்பக்கக் கொட்டகையில். வீட்டில் பேசும் ஸ்பானிஷ் மொழியில் ஒரு வார்த்தை வந்தால் டீச்சர் மரப்பலகையால் அடிப்பார். வேலைக்குப் போன இடத்தில் பதினான்கு வருடம் ஹெல்ப்பர். அவரிடம் வெல்டிங் கற்றுக்கொண்ட பையன்கள் அவருக்கே ஃபோர்மேன் ஆனார்கள்.

“அடிச்சாங்களா?” என்றான் அம்மையப்பன். அமெரிக்கா என்றால் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி வீட்டில், எல்லோரும் பச்சை கார்டு வைத்திருக்கிற நாடு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். “அங்கயும் பி பிளாக் உண்டா சார்?”

“உண்டு. போர்டு இருக்காது.”

“இந்த வேலைக்கு அனுப்பும்போது என்ன சொன்னாங்க?”

“ஏ ரூமெல்லாம் நிரம்பிடுச்சுன்னாங்க.”

அம்மையப்பனுக்கு அந்த இடத்தில் தாங்கவில்லை. ஏ பிளாக்கில் ஐந்து ரூம் பூட்டிக் கிடந்தன, சாவி அவன் மேசையில் இருந்தது. அதைச் சொன்னான். ஃபைலில் இருக்கும் பட்டியலைப் பற்றியும் சொன்னான். சொல்லக் கூடாதுதான். பாவம் என்று பட்டது, சொல்லிவிட்டான்.

கார்சா ஷூவுக்கு இன்னொரு தடவை பாலிஷ் போட்டு முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று, ஓர் அமெரிக்கக் குடிமகனை இனம் பார்த்துக் கீழே வைத்தால் கேள்வி கேட்கலாம், வெளிநாட்டில் நடந்தாலும் கேட்கலாம். ஆனால் கையில் அத்தாட்சி வேண்டும். முப்பது வருடமாக அவருக்கு எல்லாமே வாயால்தான் மறுக்கப்பட்டிருக்கிறது. முதல் தடவையாக அது தாளில் வந்திருக்கிறது.

“எனக்கு அதுல ஒரு காப்பி கிடைக்குமா?”

சாயங்காலம் சதக்கத்துல்லா கடையில் இதைச் சொன்னபோது அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அமெரிக்காக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் பஞ்சாயத்து. அவுகளுக்குள்ள அடிச்சுக்கிருவாக, நாளைக்குக் கூடிக்கிருவாக. ஒங்களுக்கு கேன்சல் அடிச்சா எந்தக் கோர்ட்டு கேக்கும்?”

“தெரியும் பாய்.”

“தெரிஞ்சுமா?”

“பலகையால அடிச்சிருக்காங்க பாய். சொந்த பாஷை பேசினதுக்கு” என்றான் அம்மையப்பன். காரணம் என்று சொல்ல அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது. ஊர்க்கதை கேட்கப் போய் மாட்டிக்கொண்டவன் அவன். பாதி கேட்ட கதையை விட்டுவிட்டுப் போக அவனால் முடியாது.

திங்கட்கிழமை ஹோலிஸ் சாப்பிடப் போன நேரத்தில் பட்டியலை எடுத்து மெஷினில் வைத்தான். அது சூடாகி, முனகி, தாளைத் துப்புவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கேம்ப் ஃபேக்ஸில் அனுப்ப முடியாது. சதக்கத்துல்லா கடையில் ஒரு ஃபேக்ஸ் இருந்தது. கார்சா அன்று காலை டியூட்டிக்குப் போகுமுன்பே ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்து, பட்டியலோடு சேர்த்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிடச் சொல்லியிருந்தார்.

கடிதத்தைப் படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மையப்பன் படித்திருப்பான். கடையில் நின்றுகொண்டு படித்தான். முதல் பாரா, யார், என்ன வேலை. இரண்டாம் பாரா, பத்துப் பேருக்கு என்ன, தனக்கு என்ன. மூன்றாம் பாராவில் நின்றுவிட்டான்.

“என்னண்ணே, என்ன எழுதியிருக்காரு?” என்றார் சதக்கத்துல்லா.

அம்மையப்பன் விரலை வைத்துத் தமிழில் சொன்னான். “‘நான் அமெரிக்கக் குடிமகன். என்னைப் பிலிப்பைன்ஸ், இந்தியக் கூலியாட்களோடு தங்க வைத்தார்கள். அவர்களுடைய சாப்பாட்டைச் சாப்பிட வைத்தார்கள். அவர்களில் ஒருவனைப் போல நடத்தினார்கள். எந்த அமெரிக்கனுக்கும் இப்படி ஒரு அவமானம் நேரக் கூடாது.’”

சதக்கத்துல்லா ஃபேக்ஸ் மெஷினிலிருந்து கையை எடுத்தார்.

“அவமானம்னா எழுதியிருக்கு?”

“ஆமா பாய்.”

“அப்ப நம்மகூட இருக்குறதுதான் அவருக்குத் தண்டனை” என்றார் சதக்கத்துல்லா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “வேணாம்ண்ணே. கிழிச்சுப் போடுங்க. மெஷினு ரிப்பேருன்னு நான் சொல்லிக்கிறேன்.”

அம்மையப்பனுக்குக் கண் கலங்கியது, அப்படிக் கலங்கியதே எரிச்சலாகவும் இருந்தது. இதற்காகவா வேலையைப் பணயம் வைத்தான்? கிழிக்கவில்லை. கடை வாசலில் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, சைட்டிலிருந்து நாலரை மணி பஸ் வரும்வரை காத்திருந்தான்.

கார்சா தூசியும் வேர்வையுமாக வந்தார். ஃபேக்ஸ் போய்விட்டதா என்று முகத்தைப் பார்த்தார். அம்மையப்பன் மூன்றாம் பாராவைக் காட்டினான்.

“சார், பி-14ல அந்த மூணு பேரும் உங்களை மரியாதையாத்தானே வச்சிருக்காங்க?”

கார்சாவுக்குப் புரிந்துவிட்டது. மீசையைத் தடவினார். “ரொம்ப நல்லா வச்சிருக்காங்க. அவங்களுக்குப் பொழுது போகலேன்னா பாட்டுப் பாடச் சொல்லி என்னையும் இழுப்பாங்க.” ஹெல்மெட்டைக் கழற்றினார். “ஊர்ல ஒரு வக்கீல்கிட்ட போன்ல கேட்டேன், அவர் இப்படித்தான் எழுதச் சொன்னாரு. மேல உக்காந்திருக்கறவங்களுக்கு என் பள்ளிக்கூடக் கதை புரியாது. இது ஒண்ணுதான் சுருக்குன்னு தைக்கும்னாரு. எழுதும்போது எனக்கும் நல்லா இல்ல.”

“இதை எடுத்துட்டா?”

“கேஸ்ல பலம் இருக்காது.”

பொய் சொல்லியிருந்தால் அம்மையப்பன் அந்த இடத்திலேயே கிழித்திருப்பான். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. முப்பது வருடம் வாயால் மறுக்கப்பட்டவர், கையில் கிடைத்த ஒரே கல்லை எறிகிறார். அது போகிற வழியில் யார் தலையில் படுகிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அம்மையப்பன் எழுந்து உள்ளே போனான். சதக்கத்துல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனே நம்பரை அழுத்தினான். தாள் உள்ளே போய், வெளியே வந்தது.

பதினாறாம் நாள் ஹோலிஸ் அவனைக் கூப்பிட்டார். மேசைமேல் தலைமை ஆபீஸ் கடிதம், கூடவே பட்டியலின் நகல். அம்மையப்பனுக்கு விஜயபாஸ்கரின் பெட்டி ஞாபகம் வந்தது. ஹோலிஸுக்குப் பக்கத்தில் கார்சா உட்கார்ந்திருந்தார்.

“இது எப்படி வெளியே போச்சு?” என்றார் ஹோலிஸ்.

“நான்தான் எடுத்தேன்” என்றார் கார்சா. “கையெழுத்துப் போட வந்தேன், ஃபைல் திறந்து கிடந்தது. இவருக்குத் தெரியாது.”

ஹோலிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. ஆனால் மேலேயிருந்து வந்த கடிதத்தில், கார்சாவின் மனம் நோகாமல் விஷயத்தை முடிக்கச் சொல்லியிருந்தது. “கலாஸ்”, முடிந்தது என்றார், இங்கே வந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே அரபி வார்த்தையில். “இவருக்கு ஏ-9 கொடு.”

ஆபீஸ் கவுன்டரில் அம்மையப்பன் மஞ்சள் கார்டை வாங்கிக்கொண்டு பச்சை கார்டை நீட்டினான். அவன் வேலை போகவில்லை. மற்ற பத்துப் பேர்போலவே சம்பள கிரேடும் மாற்றப்பட்டு, வந்த தேதியிலிருந்தே கணக்கிட்டு வரும் என்று கார்சா சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தார். யாருக்குத்தான் இருக்காது?

கார்சா கவுன்டரின் மேல் குனிந்தார். “அம்மையப்பன், நீ பண்ணின உதவி பெருசு. உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லு.”

அம்மையப்பன் யோசித்தான். அந்தக் கேள்வி அவனுக்குள் ஃபேக்ஸ் அனுப்பிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. குத்திக்காட்ட வேண்டும் என்று இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“ஒண்ணும் வேண்டாம் சார். ஒரு சந்தேகம். நான் சி-31. ஒன்பது வருஷமா எட்டுப் பேர்ல ஒருத்தன். அந்த லெட்டர்ல நீங்க எழுதினதெல்லாம் எங்களுக்கும் அப்படியே பொருந்துது. நாங்க எந்த நம்பருக்கு ஃபேக்ஸ் அனுப்பணும்?”

கார்சா வாயைத் திறந்தார். அம்மையப்பன் பேனாவை எடுத்து, மேசைமேல் கிடந்த ஒரு துண்டுத்தாளில் எழுதத் தயாராக வைத்துக்கொண்டான். இத்தனை நாளும் அவன் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மனிதர் அவர். இதற்கும் சொல்வார் என்று நம்பினான்.

கார்சா அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு பச்சை கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அப்படி ஒரு நம்பர் இல்ல” என்றார்.